பேய்த் திருநாளில் அத்தான் நின்ற தெரு

‘தம்பி, தம்பி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே என் பெயரை மறந்துபோன என் அன்பான அத்தானுக்கு,

இன்று ஹலோவீன். இந்த நாளில் நான் எங்கள் லண்டன் மோர்டன் வீட்டில் இருப்பது ஏழு வருடங்களில் இதுதான் முதல்முறை. மேல் அறையைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். கீழே அக்கா இருக்கிறாள். பேய்வேடம் போட்ட பிள்ளைகள் வந்து வந்து வாசல் மணியை அடிக்கிறார்கள். துக்க வீடு என்று அவர்களுக்கு யார் சொல்வது? ஒவ்வொரு மணிச்சத்தத்துக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. முப்பத்தைந்து வயது ஆம்பிளைக்கு இது வெட்கமில்லையா என்று கேட்பீர்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே அத்தான். நான் அரளாமல் இருந்த நாள் எது?

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மூன்று கிழமையாகிறது. புதன்கிழமை அக்கா நீங்கள் வாடகைக்கு ஓட்டிய மினிகாப் காரை விற்பதற்காகத் துப்புரவாக்கினாள். நீங்கள்தான் எதையும் எறிய மாட்டீர்களே. டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருந்த குப்பையில் ஐந்து பார்க்கிங் துண்டுகள் அவள் கையில் அகப்பட்டன. ஐந்திலும் சோகோவின் ஒரே தெருப்பெயர். ஐந்திலும் ஒக்டோபர் முப்பத்தொன்று, மாலை நேரம். வருடம் மட்டும் வேறு வேறு.

சோகோ என்றால் எங்கள் சனத்துக்குச் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். அக்கா துண்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வருட வரிசைப்படி அடுக்கி வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

“அங்க அவருக்கு ஆர் இருந்தது? உனக்குத் தெரிஞ்சால் சொல்லு. நான் தாங்குவன்.”

“தெரியாதக்கா.”

அன்றிலிருந்து சாப்பாட்டு அறையில் உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கில்லை. பூவும் மாற்றவில்லை. அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. துண்டுகள் இன்னும் மேசையில்தான் கிடக்கின்றன, நாங்கள் அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

எனக்குத் தெரியும் அத்தான். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் கார் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு முடக்குத் திரும்பினால் அந்தத் தெரு. ஆண்களை விரும்பும் ஆண்களின் தெரு. நான் ஏன் அங்கே போனேன் என்று இனியும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அங்கே டெரெக் என்று ஒரு கிழவர், நாற்பது வருடமாக அதே தெருவில் குடிக்கிறவர், எனக்குச் சரித்திரம் சொல்லுவார். அவருடைய இளமையில் ஆண்கள் கவுனை உடுத்து, அதன்மேல் நீளக் கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார்களாம். திரை இழுத்துவிட்ட மதுக்கடைக்குள் வந்துதான் பொத்தானைக் கழற்றுவார்களாம். ஹலோவீன் அன்று மட்டும் கோட்டுக்குக் கீழே கவுனின் ஓரம் தெரிந்தாலும் பரவாயில்லை. பொலிஸ் மறித்தால் பேய்வேட விருந்துக்குப் போகிறோம் என்று சொல்லலாம் அல்லவா?

பிறகு திரைகள் போயின. கொண்டாட்டம் கடைக்குள்ளிருந்து நடைபாதைக்கு வந்தது. நான் லண்டனுக்கு வருவதற்குச் சற்று முன்னர் அந்தத் தெருவின் மதுக்கடை ஒன்றில் குண்டு வெடித்து உயிர்கள் போனதை நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வருட ஹலோவீனுக்கு ஒரு குருவியும் வராது என்று டெரெக் நினைத்தாராம். வந்த கூட்டத்துக்கு நடைபாதை போதாமல் தெருவில் இறங்கி நின்றார்களாம். “எல்லாரும் நடுங்கிக்கொண்டுதான் வந்தோம்” என்றார். நடுக்கத்தைச் சொல்லச் சொல்ல அவர் ஏன் சிரித்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நான் போகத் தொடங்கியபோது அது தெருத் திருவிழாவாகிவிட்டது. கன்னியாஸ்திரிகள், ராணிகள், இரத்தம் வடியும் மணப்பெண்கள், எல்லோருக்கும் மீசை. எல்லோரும் பார்க்க வேண்டுமென்று உடுத்துக்கொண்டு வருகிற தெருவில், ஒருவரும் பார்க்கக் கூடாதென்று உடுத்துக்கொண்டு போனவன் நான் ஒருவன்தான். முழுமுகத்தையும் மூடுகிற ரப்பர்க் குரங்கு முகமூடி. நன்றாகப் பொருந்தியிருக்கும் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது.

இரண்டாவது வருடம் அது நடந்தது. ஆறு மணிதான் இருக்கும். ஒரு கடைவாசலில் தலையைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்ட ஒருவன் நின்றான். வெருளிப் பொம்மை வேடமாம், பிறகுதான் தெரிந்தது. எனக்கு அந்த நேரம் தலையாட்டி. சுற்றிவளைப்பில் ஆமி எங்களை வரிசையில் நிறுத்தி, சாக்கு மூடிய அந்தக் காட்டிக்கொடுப்பவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடத்தியது உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பதினாலு வயதில் நான் நடந்தேன். நீங்கள் இரண்டு தடவை நடந்தீர்கள். அந்தத் தலை மேலும் கீழும் அசைந்தால் ஆள் திரும்பி வரமாட்டான்.

சோகோச் சாக்குக்காரன் பாட்டுக்குத் தலையை ஆட்டினான். குரங்கு முகத்தைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு முடக்குக்கு ஓடினேன். அங்கே கூட்டத்தில் நகர முடியாமல் உங்கள் கார். பக்கத்து இருக்கையில் சிவம் அண்ணை. அவருடைய வாயில் விழுந்த கதை அடுத்த வெள்ளிக்குள் கோயில் முழுக்கப் போய்விடும். கண்ணாடி இறக்கியிருந்தது.

“அங்க பாரும். அது உம்மட மச்சான் எல்லோ?”

நீங்கள் என்னை நேருக்கு நேர் பார்த்தீர்கள். கன்னத்தில் யாரோ தடவிவிட்ட மினுக்கத்தையும் பார்த்தீர்கள். பிறகு உங்கள் தலை இரண்டு பக்கமும் அசைந்தது.

“இல்லை. அவன் வீட்டை நிக்கிறான்.”

நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்களா, கைகழுவினீர்களா? ஆறு வருடம் இது தெரியாமலே உங்களோடு ஒரே மேசையில் சோறு தின்றேன். அக்காவிடம் சொல்லிவிடுவீர்கள், அக்கா யாழ்ப்பாணத்துக்கு அம்மாவிடம் சொல்லுவாள், என் பெட்டி வாசலில் கிடக்கும் என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். இரண்டு நாள் கழித்து, செய்தி பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: “சனம் கூடுற இடத்தில உள்ளுக்கு நிக்காத தம்பி. வாசலுக்குக் கிட்ட நில்லு.” மிரட்டுகிறீர்கள் என்றே நினைத்தேன்.

அடுத்த வருடத்திலிருந்து ஹலோவீன் அன்று ஏழு மணிக்கு உங்கள் அழைப்பு வரும். எங்கே நிற்கிறாய் என்று கேட்பீர்கள். கவுன்சில் ஆபீசில் வேலை கூடிவிட்டது என்பேன். ஒருமுறை கேட்டீர்கள்: “கந்தோரில பாட்டெல்லாம் போடுவினமோ?” நான் செத்தே போனேன். “சரி, கவனம்” என்று வைத்துவிட்டீர்கள். என் காதுக்கு வெளியே ஓடிய அதே பாட்டு போனுக்குள்ளும் கேட்டது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டேன். வேவு பார்க்கிறீர்கள் என்று உங்களை மனதுக்குள் திட்டினேன். மன்னியுங்கள்.

துண்டுகளைப் பார்த்தபிறகுதான் எனக்கு விளங்கியது. ஐந்து வருடம், நல்ல உழைப்பு வருகிற மாலையில், ஆளேற்றாமல் முடக்கில் காரை நிறுத்திவிட்டு இருந்திருக்கிறீர்கள். குண்டு வெடித்தால் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடவா? பயந்தாங்கொள்ளி நான் மட்டும்தான் என்றல்லவா நினைத்திருந்தேன். ஏன் ஒருநாளும் கேட்கவில்லை அத்தான்? கேட்டிருந்தால் நான் பொய்தான் சொல்லியிருப்பேன், அதனாலா?

நீங்கள் என்னைக் காப்பாற்றுவதற்காக என்னைத் தெரியாதென்றீர்கள். புதன்கிழமை நான் என்னைக் காப்பாற்றுவதற்காக உங்களைத் தெரியாதென்றேன். இப்போது அக்காவின் மனதில் நீங்கள் ஒரு வேசைவீட்டு வாசலில் நிற்கிறீர்கள். உங்களால் வந்து சொல்ல ஏலாது.

சொல்ல வேண்டியதை இந்த அறைக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ‘அக்கா’ என்பதோடு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அவள் என் முகத்தில் முழிக்காமல் விடலாம். அம்மாவுக்கு இன்றைக்கே போன் எடுக்கலாம். உங்கள் பிள்ளைகளை என்னோடு பேச வேண்டாம் என்று தடுக்கலாம். இதில் ஒன்றாவது நடக்காது என்று உங்களால் எனக்குச் சொல்ல முடியுமா?

அவள் கீழிருந்து சாப்பிடக் கூப்பிடுகிறாள். வாறன் என்று சொல்லிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன் அத்தான், சோற்றில் கை வைக்க முதல் அந்த ஐந்து துண்டுகளையும் எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டு, இவை எனக்காக என்று சொல்லுவேன். அதற்குப் பிறகு அவள் என்னை இருக்க விட்டாலும் போகச் சொன்னாலும், உங்கள் விளக்கை ஏற்றிவிட்டுத்தான் அந்த அறையை விட்டு நகருவேன்.

இனி ஆர் கேட்டாலும்,
உங்கள் மச்சான்
ரூபன்