மூன்றாம் கேள்விக்கு அத்தை சொன்ன விடை

விருத்தாசலம்,
12-7-1968

அன்பிற்குரிய அத்தானுக்கு விருத்தாம்பாள் எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் சுகம். ஆவடித் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். காய்ச்சி ஆறவைத்துக் குடியுங்கள்.

நீங்கள் விடை எழுதி அனுப்பிய மூன்று கேள்விகளையும் பார்த்தேன். முதலாவது சரி. இரண்டாவதில், 80 டிகிரி வெந்நீர் 200 கிராமும் 20 டிகிரி தண்ணீர் 300 கிராமும் கலந்தால் 50 டிகிரி என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டும் சம அளவாக இருந்தால்தான் அப்படி வரும். சரியான விடை 44. வழியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இதே தவற்றுக்காக நானும் கல்லூரியில் ஒரு வகுப்பு முழுக்க நின்றிருக்கிறேன்.

மூன்றாவதில், களிமண் காய்வதும் சூளையில் வேகுவதும் இரண்டுமே பௌதிக மாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு விடை சொன்னது நானல்ல, அத்தை. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தால், பீங்கான் கம்பெனியிலிருந்து திரும்பியதும் அத்தை படித்துக் காட்டச் சொல்வார்கள். நீங்கள் மறைக்கச் சொன்னதால் கணக்குகளை விட்டுவிட்டு, மழை, மேஸ்திரி, சாப்பாடு என்று நானாகச் சேர்த்துப் படிப்பேன். போன செவ்வாய்க்கிழமை பாதியில் நிறுத்தினார்கள்.

"காயிதம் பூரா நம்பரா இருக்குது. நீ மழ பேஞ்சுதுன்னு படிக்கிற. கோப்ப எண்ணிப் போடறவ, எனக்கு நம்பரு தெரியாதா?"

நீங்கள் எஸ்.எஸ்.எல்.சி.யில் விஞ்ஞானத்தில் தவறியது, தேறியதாகச் சொல்லிக் கல்யாணம் செய்தது, ஃபிட்டர் வேலைக்காகச் செப்டம்பரில் மறுபடி எழுதப்போவது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள். அத்தை கேள்வியைப் படிக்கச் சொன்னார்கள்.

"பச்சக் கோப்ப ஒடஞ்சா தொட்டியில கரைச்சுக்கிறோம். வெந்தது ஒடஞ்சா வெளிய கொட்டறோம், அது திரும்ப மண்ணாவாது. இதுக்காடி எம்மவன் பெயிலானான்?"

காய்வது பௌதிக மாற்றம், வேகுவது ரசாயன மாற்றம். அப்படியே எழுதுங்கள்.

நான் பிறந்த வீட்டில் என் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் இல்லை. பெண் பி.எஸ்ஸி. என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. முதலில் கேட்டவர் நீங்கள்தான். பொய் சொன்னதையும் யாரோ சொல்லி நான் தெரிந்துகொள்ளும்படி விடாமல் நீங்களே எழுதினீர்கள். நேரில் என்றால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன், நன்றி.

தேறாமல் ஊருக்கு வரமாட்டேன் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் படித்துக் காட்டினேன். அத்தை சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"பரீச்ச எழுதின கையோட ரயிலேறச் சொல்லு. ரிசல்ட்டு பின்னால தபால்ல வந்துக்கட்டும்."

நல்லபடி எழுதுங்கள் அத்தான். எந்த ரயில் என்று மட்டும் தெரிவியுங்கள். ஸ்டேஷனுக்கு அத்தையோடு நானும் வருகிறேன்.

தங்கள்,
விருத்தாம்பாள்