இழுத்துப் பார்த்த வாக்கியங்கள்

மார்ச் 3
ஆங்கிலத் தாளில் மறுபடியும் ஃபெயில். லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் நான் ஆய்வாளராக இந்த ஒரு தாள்தான் பாக்கி. ஜெரண்டாம், பார்ட்டிசிபிளாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான்? ஏப்ரல் 11-இல் இன்னொரு வாய்ப்பு. அதையும் கோட்டை விட்டால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

மார்ச் 6
தங்கச்சி பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறாள். பார்ட்டிசிபிள் என்றால் என்ன என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"தமிழ்ல நீ தினம் பேசுறதுதாண்ணே. 'கதவைத் திறந்து'ன்னு சொல்லி நிறுத்து. வாக்கியம் முடிஞ்சிச்சா?"

முடியவில்லை. யார் திறந்தது? திறந்து என்ன ஆச்சு? புரிந்துவிட்டது: கயிறு மாட்டாத மோட்டார். சுற்றும், லிஃப்ட் நகராது. முழு வினை ஒன்று வந்து மாட்டினால்தான் நகரும். இதை முதலிலேயே இப்படிச் சொல்லித் தொலைத்திருக்கலாமே!

மார்ச் 15
ஞாயிறு முழுக்க ஐஎன்ஜி-யில் முடியும் சொற்கள். பெயர் வேலை பார்த்தால் ஜெரண்ட், பெயரை வர்ணித்தால் பார்ட்டிசிபிள். ஒரே போல்ட், இடத்துக்கு ஒரு வேலை. பிடித்திருக்கிறது. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 22
மாதிரித் தேர்வு வைத்தாள். ஒரு மணி நேரத் தாள். இருபது நிமிடத்தில் நீட்டினேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"'ஓப்பனிங் த பேனல், ஸ்மோக் கேம் அவுட்'டா? புகையாண்ணே பேனலைத் திறந்துச்சு?"

பதினொரு தப்பு. அத்தனையும் எனக்குத் தெரிந்தவை.

"தெரியாம பண்ணல நீ. திரும்பிப் பாக்காம பண்ற. லிஃப்ட் வேலையையும் இப்படித்தான் முடிப்பியா?"

"அது வேற! ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாக்காம பேனல மூடவே மாட்டேன். ஆளுங்க ஏறுறது அது!" கத்திவிட்டேன்.

அவள் தாளை என் பக்கமே தள்ளி வைத்தாள்.

மார்ச் 23
சரி. அவள் சொன்னது சரிதான்.

ஏப்ரல் 11
இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். கால் தானாக எழுந்தது, உட்கார வைத்தேன். ஒவ்வொரு வாக்கியமாக இழுத்துப் பார்த்தேன். யார் செய்தது? முழு வினை எங்கே? நான்கு கழன்று வந்தன. மணி அடிக்கும் வரை நாற்காலியில் இருந்தது என் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

மே 19
ஆய்வாளராக என் முதல் அறிக்கை. எட்டு மாடிக் கட்டடம், இரண்டு லிஃப்ட், மூன்று பக்கம். அனுப்பும் முன் தங்கச்சியிடம் காட்டலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இன்னும் புகைக் கதையை விடவில்லை அவள். நானே இழுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் கையோடு வந்தது. முடுக்கிவிட்டு அனுப்பினேன்.