பேச்சில்லாத மாமா விற்ற குடம்

செஞ்சி,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் பிருந்தாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் என் முழங்கால் வலியும் சௌக்கியமாக இருக்கிறோம். நைரோபியில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல, வலி மட்டும் இல்லாமல், சௌக்கியமாக இருக்க சிங்கவரம் ரங்கநாதர் துணை. போன் இருக்கும்போது நைனா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நான் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற திண்டிவனம் பஸ் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார், உனக்கே தெரியும். இந்த விஷயமோ நம் பாத்திரக் கடைக்கும் உன் சொக்கலிங்கம் மாமாவின் கயிற்றுக் கடைக்கும் நடுவில் இருக்கிற சுவரைத் தாண்டக் கூடாது. எழுதி முடித்ததும் அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். என் கையெழுத்து புரியாவிட்டால் அங்கே ஏதாவது மருந்துக் கடையில் காட்டு, தமிழ் தெரியாவிட்டாலும் படித்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை, அவளுக்கு இல்லாததால் எனக்கும் இல்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசுகிற உன் வேலையில், போன பள்ளிக்கூடத்தில் நீ தலைமை, சமாதானம் என்று உயிரைக் கொடுத்துப் பேசியும் பிள்ளைகள் கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தார்கள், பின் வரிசையில் ஒருத்தன் விட்ட கொட்டாவி முன் வரிசை வரைக்கும் வந்து சேர்ந்தது என்றாய். வருகிற திங்கட்கிழமை போகவேண்டிய பள்ளிக்கூடம் அதைவிட மோசம், இரண்டு கூட்டமாகப் பிரிந்து பெஞ்சை உடைத்து அடித்துக்கொண்ட பிள்ளைகள், இன்னும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிடவா என்று கேட்டாய். கடைசியில், "நைனா, நம்ம ஊர்ல சமாதானக் கதை ஏதாச்சும் இருந்தா சொல்லேன், புஸ்தகத்துல இருக்கறதெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன்" என்றாய். நீ சமாதானக் கதை கேட்ட ஊரைப் பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைமேல் கோட்டை, அகழி, பீரங்கி. டீக்கடை ரஞ்சித்திடம் கேட்டேன், "சமாதானமா, அப்ப ஆர்க்காட்டுப் படை வந்ததுலேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று என் டீ ஆறும்வரை யுத்தம் நடத்தினான். பூக்கடை கமலாம்பாள், எதிர்வீட்டுக்காரியோடு அவளுக்கு இருக்கிற தகராறைச் சொல்லி, என்னையே தீர்ப்புச் சொல்லச் சொன்னாள். ஓடி வந்துவிட்டேன்.

கடைசியில் உன் மாமாவிடம் கேட்டேன் பார், அங்கேதான் வந்தது வினை. மச்சான் கயிற்றை முழம் போட்டுக்கொண்டே யோசித்தார். "நம்ம கோட்டை ராஜா செத்தாரு, சண்டை நின்னுச்சு, அப்பறம் ஒரே சமாதானம்தான். இத்தையே சொல்லச் சொல்லு பாப்பாவ" என்றார். நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல் கயிறு வாங்க வந்த வல்லத்து விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டு, "இந்த ஊர்லயே பொறந்து ராஜகிரி மலை உச்சிய பாக்காத ஆளு கோட்டைக் கதை சொல்றாரு" என்றேன். நானும் பாதிவரைதான் ஏறியிருக்கிறேன், குரங்கு என் முறுக்குப் பையைப் பிடுங்கியதும் இறங்கிவிட்டேன், அதை நான் சொல்லவில்லை. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னா மாப்ள, நக்கலா? பொண்ணு கடல் தாண்டிப் போயி சமாதானம் பேசுது, நைனா இங்க கடை வாசல்ல வம்பு வளக்கறாரு. இன்னியோட உனக்கும் எனக்கும் பேச்சில்ல" என்று உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் பேசவேண்டியதைத் தன் தராசிடம் சொல்கிறார், நான் என் அண்டாவிடம் சொல்கிறேன். "எவன் வண்டியோ என் வாசல அடைச்சிகினு நிக்குது" என்று அவர் தராசிடம் சொல்வார், "எடுத்தாப் போச்சு" என்று நான் அண்டாவுக்குள் சொல்லிவிட்டு வண்டியை நகர்த்துவேன். உன் அம்மாதான் பாவம், அண்ணன் பக்கமா புருஷன் பக்கமா என்று தெரியாமல் இரண்டு பேரையும் சமமாகத் திட்டுகிறாள்.

இனி நேற்று நடந்ததைக் கேள். நம் கடைத்தெருவில் சாப்பிடப் போகிறவர் யாரும் ஷட்டரை இறக்குவதில்லை, வாசலில் ஸ்டூலைக் குறுக்கே போட்டுப் பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் வருகிற கிராக்கியை அவர் கவனித்துக்கொள்வார், அது உனக்குத் தெரியும். எனக்குத்தான் இப்போது சொல்ல ஆள் இல்லையே. மானத்துக்காக ஸ்டூலைப் போட்டுவிட்டு, அண்டாவிடம் "சாப்பிடப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். கடை நினைப்பில் சோறு இறங்கவில்லை, பாதியில் எழுந்து வந்து டீக்கடை ஓரம் மறைந்து நின்று பார்த்தால், உன் மாமா என் ஸ்டூலை நகர்த்திவிட்டு என் கடைக்குள் நிற்கிறார்! ஓர் அம்மாவுக்குப் பித்தளைக் குடத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். "இந்தக் கடைக்காரருக்கும் எனக்கும் பேச்சு கெடையாதும்மா, ஆனா கொடம் கெட்டிக் கொடம், ஓட்டை கீட்டை இருந்தா என்னாண்ட எடுத்துகினு வா" என்றார். அந்த அம்மா, "பேச்சில்லாதவரு கடையில நீ இன்னாத்துக்கு யாவாரம் பண்ற?" என்று கேட்டாள். "பேச்சில்லன்னா? அந்தாளு சாப்ட்டு வர வேணாமா?" என்றார். நான் எத்தனை பேரிடம் கெஞ்சியும் போகாத குடம் அது. அவர் விலை குறைக்காமல் விற்றார், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அம்மாடி, நீ கேட்ட கதை இதுதான். அந்தப் பிள்ளைகளைக் கட்டிப்பிடி, கைகுலுக்கு என்று அவசரப்படுத்தாதே. குடத்தை விற்றுக் கொடுத்த மனுஷனையே கட்டிப்பிடிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. உனக்குப் பிடிக்காதவன் சாப்பிடப் போனால் அவன் பையைப் பார்த்துக்கொள்வாயா என்று மட்டும் கேள். தலைமைக்கும் ஒரு ஆள் வேண்டுமென்றால் மாமாவையே வைத்துக்கொள், ஸ்டூலை முதலில் நகர்த்தியவர் அவர்தான். என்னைப் பற்றியும் தாராளமாகச் சொல், குரங்கை மட்டும் விட்டுவிடு. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதே, நிஜமாகவே காய்ச்சல் வந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறாள். வெறும் வயிற்றோடு போகாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். அம்மா வறுத்துக் கொடுத்தனுப்பிய மல்லாட்டை மிச்சம் இருந்தால் எடுத்துப் போய்ப் பின் வரிசைக்குக் கொடு, வாயில் கடலை இருக்கிறவனுக்குக் கொட்டாவி வராது.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, சிரித்த முகத்தோடு இருக்க எங்கள் ஆசீர்வாதம். இன்னும் எழுதுவேன், ஆனால் மாமா சற்றுமுன் "சாப்பிடப் போறேன்" என்று தராசிடம், இந்தச் சுவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டுப் போயிருக்கிறார். அங்கே ஒருத்தர் மாட்டுக் கயிறு வேண்டுமென்று நிற்கிறார். எனக்கு முழம் போடத் தெரியாது, மாமா வந்து தராசிடம் திட்டுவார், திட்டட்டும். நான் போய் வருகிறேன். நீயும் திங்கட்கிழமை போய் வா.

இப்படிக்கு,
உன் நைனா,
பாண்டுரங்கன்