பீர்ப் பெட்டிக்குப் பூசிய திருநீறு

கூடத்துப் படத்தில், சட்டைப் பையில் டெஸ்டரும் திருநீற்றுப் பொட்டலமுமாகச் சிரித்துக்கொண்டிருக்கிற என் வீட்டுக்காரருக்கு,

என்னங்க, தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு உங்களிடம் நாலு வார்த்தை பேசுகிறவள்தான் நான். ஆனால் இந்த விஷயத்தை வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் சங்கர் வீட்டில் பார் கட்டுகிறான்.

திடுக்கென்று இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. நீங்கள் போகும்போது பதினோரு வயதுப் பயல். இப்போது இருபத்தாறு. பெங்களூர் கம்பெனி வேலையை இந்தக் குத்துக்கல்வலசை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிறான். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், அவன் கூட்டாளிகள் குளிக்கக் கிளம்பி வந்துவிடுவார்கள். அவர்களுக்காக மாடி அறையில் கிரானைட் போட்டு ஒரு மேடை. மேடைக்கு அடியில் ஃபிரிட்ஜ், ஃபிரிட்ஜுக்குள் பீர்ப் பீப்பாய், மேடைமேல் ஒரு குழாய். திருகினால் ஜில்லென்று வருமாம்.

எந்த ஃபிரிட்ஜ் தெரியுமா? நீங்கள் கடைசியாகக் கைவைத்துச் சரிசெய்த நம் வீட்டு ஃபிரிட்ஜ்தான். புதியது வாங்கியதிலிருந்து மாடியில் சும்மா கிடந்தது. தட்டுகளையெல்லாம் உருவி, அடியில் பலகை வைத்து, பெங்களூரிலிருந்து கொண்டுவந்த காலிப் பீப்பாயை உள்ளே இறக்கிப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டது.

"ஏலே, இங்கன பீப்பாய் பீரு எவன் விக்கான்?" என்று கேட்டேன்.

"அத அப்புறம் பாத்துக்கலாம்மா. மொதல்ல பெட்டி ரெடியாவட்டும்."

"காலிப் பீப்பாய்க்கா இம்புட்டுக் கூத்து?"

"நீ ஏம்மா பயப்படுத? நான் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் குடிக்கேன். அதுவும் ஒன் முன்னாலதான் குடிக்கேன். ஒளிச்சா குடிக்கேன்?"

ஒளிக்காமல் குடிக்கிறவனைப் பார்த்து எனக்கு ஏன் இவ்வளவு நடுக்கம்? ஒளித்தே குடித்தவரோடு பன்னிரண்டு வருஷம் இருந்ததாலா? நீங்களும் முதலில் ஒன்று ரெண்டு என்றுதானே சொன்னீர்கள்?

கோபப்படாதீர்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, பயலுக்குத் தெரிய வேண்டாம். மஞ்சக்காமாலைன்னே இருக்கட்டும்" என்றீர்கள். சத்தியம் செய்து தந்தேன். கண் மஞ்சளாக இருந்தது உண்மைதான். எதனால் மஞ்சளானது என்பதைத்தான் மறைத்தோம். பதினைந்து வருஷமாக அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்றைக்குக் காலையில் உலகம்மன் சன்னதிக்குப் போய்விட்டு வந்து படியேறினேன். கையில் டிரில் வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜின் பக்கச் சுவரில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். பீரைக் குழாய்க்குத் தள்ளுகிற கேஸ் உருளை வெளியே நிற்கும், அதிலிருந்து குழாய் உள்ளே போகத் துளை வேண்டுமாம். அந்த உருளை கசிந்தால் வாசனையே தெரியாது, மூடிய அறையில் மூச்சு முட்டும் என்று முந்தின நாள் அவனே செல்போனில் படித்துக் காட்டினான். ஜன்னலைத் திறக்கும்வரை நான் அந்த அறையை விட்டு நகரவில்லை.

வட்டம் போட்டிருந்த இடம் தப்பு. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் உங்கள் ஃபிரிட்ஜ் ரிப்பேர்க் கடை வேலை நோட்டைப் பத்து வருஷம் எழுதினேனே! எந்த ஊர்ப் பெட்டி, என்ன பழுது, எதை மாற்றினீர்கள் என்று ஒரு நாள் விடாமல் எழுதி எழுதித்தான் இந்த வித்தையெல்லாம் எனக்குத் தெரியும். இந்தப் பெட்டிக்குச் சூட்டுக் குழாய் பின்பக்கம் இல்லை, பக்கச் சுவருக்குள் ஒளிந்து ஓடுகிறது. அதில் துளை விழுந்தால் குளிரூட்டுகிற கேஸ் போய்விடும், பெட்டி அதோடு சரி.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சும்மா நின்றேன். போடட்டும், பெட்டி சாகட்டும், இந்தக் கதை இன்றோடு முடியட்டும் என்று நினைத்தேன். சாமி கும்பிட்டுவிட்டு வந்த மனசு அப்படி நினைத்தது. அடுத்த நொடி, பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கிற தீப்பிழம்புப் படம் கண்ணில் பட்டது. பெட்டிக்குள் ஓடுவது எரிகிற கேஸ், பொறி பறக்கிற எதையும் கிட்டே கொண்டுவரக் கூடாது என்று நீங்கள் ஆயிரம் தடவை சொன்னது காதில் விழுந்தது.

"ஏலே, நிறுத்து!"

நான் போட்ட சத்தத்தில் டிரில்லைக் கீழே போட்டுவிட்டான்.

ஃபிரிட்ஜை ஓடவிடச் சொன்னேன். பூஜை அறைக்கு வந்தேன். திருநீற்று மரவையைக் கையில் எடுத்தும் கால் நகரவில்லை. பீர்ப் பெட்டிக்கா என் சாமியின் திருநீறு? குழைத்துப் பூச மைதாவும் ஆகுமே என்று அடுக்களைக்குப் போய் டப்பாவைத் திறந்தேன், மூடினேன். திரும்பவும் மரவையையே எடுத்துக்கொண்டு ஏறினேன். இது பெட்டிக்கு இல்லை, பயலுக்கு என்று அம்மனிடம் சொல்லிக்கொண்டேன்.

நினைவிருக்கிறதா? முதல்முதலாக நீங்கள் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து ஒரு பெட்டியில் பூசியபோது, "சாமி துன்னூற இப்படியா பாழாக்குவாக?" என்று சண்டைக்கு வந்தேன். "ஏட்டி, சாமி கோவிக்காது. ஓட்ட விழுந்தா பெட்டிக்காரன்தான் கோவிப்பான்" என்றீர்கள்.

அதேபோலக் குழைத்து, பக்கச் சுவர் முழுக்கப் பூசினேன். சாரல் காற்றில் காய நேரம் எடுத்தது. அப்புறம் சூட்டுக் குழாய் ஓடுகிற இடம் மட்டும் முதலில் வெளுத்தது. ஒரு கோடு, அதன் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. நடுவில் உள்ள இடமெல்லாம் ஈரமாகவே இருந்தது. அவன் போட்ட வட்டம் இரண்டாவது கோட்டின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது.

"யம்மா!" என்று வாய் பிளந்தான். "இது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்கப்பா வித்தைலே. எல்லாம் நோட்டுல இருக்கு."

பெருமை கண்ணை மறைத்துவிட்டது. நானே பீரோவைத் திறந்து நோட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து ஆசையாகப் புரட்டினான். ஆலங்குளம், கம்ப்ரஸர். கீழப்பாவூர், கதவு ரப்பர். சிரித்துக்கொண்டே வந்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

"யம்மா, அப்பாவுக்கு எதுக்கு இத்தன நாள் காய்ச்சலு?"

ஐயோ, நான் அதை மறந்தே போனேனே! நீங்கள் எழுந்திருக்க முடியாத நாட்களில் 'வேலை இல்லை, காய்ச்சல்' என்று எழுதினேன். நோட்டில் ஒரு நாளைக்கூட வெறுமையாக விட என் கைக்கு மனசு வராது. உள்ளதை எழுதவும் வராது. முதலில் மாதத்துக்கு ஒன்று. பிறகு ஒவ்வொரு திங்களும். கடைசி நோட்டில் பக்கம் பக்கமாகக் காய்ச்சல்.

"திங்கக்கிழமைன்னா மட்டும் கரெக்டா வருமோ?" என்று என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை உங்கள் பார்வைதான்.

சொல்லிவிட்டேன். அவன் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டூல்ஸ் பெட்டிக்குள் ஒளிந்திருந்த குப்பியிலிருந்து ஆஸ்பத்திரிச் சத்தியம் வரைக்கும்.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான். அப்புறம், "அப்போ அப்பா மாதிரி எனக்கும் காமால வந்துரும்னு வருஷா வருஷம் வெறும் வயித்துல கீழாநெல்லி அரச்சுக் குடுத்தியே, அது?" என்று கேட்டான்.

"அந்தப் பொய்யக் காப்பாத்தத்தாம்லே."

சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. "நான் அப்படி ஆயிருவேன்னுதான் பயப்படுதியா?"

"ஆமாலே. காலிப் பீப்பாயப் பாத்தே பயப்படுதேன்."

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்றான். பிறகு, மெல்ல, "எனக்கும் இப்போ பயமா இருக்கும்மா" என்றான்.

அந்த வார்த்தை எனக்கு ஆறுதலா, இன்னும் பெரிய பயமா? இன்னும் தெரியவில்லைங்க.

இன்றோடு ஐந்து நாள். திருநீற்றுக் கோடுகளை அவன் துடைக்கவில்லை. டிரில் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. பெட்டியைத் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி எல்லாம் ஒளிந்துகொள்ளும். கோட்டுக்கு நடுவே எங்கே துளை போடலாம் என்று விரலால் காட்டிவிட்டேன். மேடைக்குப் பின்னால் பெட்டி மூச்சுவிட ஒரு சாண் இடம் விடச் சொல்லிவிட்டேன். போடுவதும் விடுவதும் அவன் கையில். மாடியில் ஏதாவது சத்தம் கேட்டால் என் கை தானாகத் தாலி இருந்த இடத்துக்குப் போகிறது.

காலையில் காபி குடிக்க வரும்போது ஒரு கேள்வி கேட்கிறான். "அப்பா மொத மொதல்ல எப்போ ஆரம்பிச்சாவ?" "நீ சண்ட போட்டியா?" "விடணும்னு நெனச்சாவளா?" தெரிந்ததைச் சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. நினைத்தீர்களா?

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கும்படி பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. இன்னும் எத்தனை வீட்டு நோட்டில் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறதோ!

உங்களுக்குச் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன். அதற்குப் பதிலாக இன்னொன்று தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். நம் பயல் குடித்தால் குடித்தான் என்றே எழுதுவேன், எழுதியதை அவனிடமே காட்டுவேன். இனி இந்த வீட்டு நோட்டில் காய்ச்சல் என்று இருந்தால், அன்றைக்கு யாரோ ஒருவருக்கு நிஜமாகவே உடம்பு சுட்டிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டை எழுதியவள்,
சங்கரின் அம்மா.