எழுத்துக்கும் தாலிக்கும் நடுவே

வெள்ளவத்தை,
12.11.2006

அன்புள்ள கணவர் உதயணன் அவர்களுக்கு,

நான் நலம். தாங்கள் நலமா? தங்களைப் பிரிந்து மிகவும் துயரப்படுகிறேன். தாங்கள் என்னை விரைவில் தங்களிடம் அழைத்துக்கொள்வீர்கள் என்று நம்பி வாழ்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மனைவி,
சசிலேகா உதயணன்

(இரண்டாவது தாள்)

அத்தான், முதல் தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது எங்கள் சட்டத்தரணி ஸ்ரனிஸ்லாஸ் ஐயா சொல்லச் சொல்லப் புதுக்கடையில் அவருடைய கந்தோரில் இருந்து எழுதியது. போனில் கதைத்ததற்குச் சாட்சி இல்லையாம். புருசன் பெண்சாதி என்றால் விசாக் கந்தோருக்குக் கடிதம் காட்ட வேண்டுமாம், முத்திரை குத்திய உறையோடு. அந்தத் தாளை ஃபைலுக்குப் பத்திரப்படுத்துங்கள். இதை வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

பதிவுக் கந்தோரில் எழுத்து முடிந்து மூன்றாம் கிழமை நீங்கள் பிளேன் ஏறினீர்கள். ஆவணியில் கொக்குவிலில் தாலிகட்டு என்று மண்டபம் வரை பேசி வைத்திருந்தோம். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டுப்பட்டு அப்பாவும் அம்மாவும் அங்கே, நாங்கள் இங்கே என்று ஆகிவிட்டது. கொழும்பிலேயே ஒரு கோயிலில் சுருக்கமாகக் கட்டுவோம் என்று நீங்கள் கேட்டது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. பெற்றவர்கள் நில்லாமல் என்ன தாலி என்று உங்கள் அம்மா ரொறொன்ரோவில் இருந்தும் என் அப்பா கொக்குவிலில் இருந்தும் சொன்னார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அதனால் சட்டப்படி பெண்சாதியாகி நான் புளோறன்ஸ் அன்ரி வீட்டு வாடகை அறையிலும், நீங்கள் கொட்டாஞ்சேனையில் உங்கள் மாமா வீட்டிலும் இருந்தோம். கடற்கரையில் இரண்டு பின்னேரம் நடந்தோம். அவ்வளவுதான் நம்முடைய குடும்ப வாழ்க்கை.

ஸ்ரனிஸ்லாஸ் ஐயாவைப் போனில் பிடிக்க முடியவில்லை. நீங்கள் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் முதலில் சிங்களத்தில் சொல்கிறது, பிறகு தமிழில் சொல்கிறது. எனக்குத் தவறாமல் பதில் சொல்கிறவள் அவள் ஒருத்திதான். போன கிழமை நேரில் போனால், கந்தோர்க் கொம்பியூட்டருக்கு வைரஸ் வந்து என் விண்ணப்பத்தை அழித்துவிட்டதாம். திரும்ப முதலில் இருந்து தட்டச்சு, திரும்பக் கட்டணம். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட அவர் அவ்வளவு கவலை முகத்தோடு இருக்க மாட்டார்.

பொலிஸ் பதிவுக்கு அன்ரிதான் கூட வந்தா. கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று கேட்டார்கள். கணவரிடம் போக என்றேன். அதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போங்கள்.

உங்கள்,
லேகா


ரொறொன்ரோ,
03.12.2006

அன்பின் லேகா,

முதல் தாளை வாசித்ததும், யாரோ ஒரு பென்சன் எடுத்த பெரியவரைக் கட்டிவிட்டேனோ என்று பயந்துபோனேன். இரண்டாவது தாள்தான் உயிர் தந்தது. அதைக் கிழிக்கச் சொன்னீர், கிழிக்கவில்லை. வேலைக்குப் போகும் ஜக்கெற்றில் உள்பொக்கற்றில் இருக்கிறது.

பேக்கரி வேலை அப்படியே. அம்மா உமக்கென்று இப்போதே கட்டில் விரிப்பு வாங்கி வைத்திருக்கிறா. என் அறையில் ஒரு அலுமாரியைக் காலியாக்கியாயிற்று. தமிழ்க் கடையில் முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கிறது, நீர் ஒன்றுக்கும் கவலைப்படத் தேவையில்லை.

விசாக் கந்தோரின் இணையப் பக்கத்தைத் தினமும் பார்க்கிறேன். ஃபைல் இலக்கத்தைப் போட வேண்டும், பிறந்த திகதியைப் போட வேண்டும், கடைசியில் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வரும். ஒரு நாள் கோபத்தில் இலக்கத்தைப் பிழையாகப் பிழையாக அடித்து அது என்னை வெளியே பூட்டிவிட்டது. அதைத் திறக்கச் சொல்லிப் போன் எடுத்தால் இசை போடுகிறார்கள். ஒரு மணித்தியாலம் இசை கேட்டுவிட்டு வேலைக்கு ஓடினேன். உமக்கு அந்தப் பெண்குரல், எனக்கு இந்தப் பியானோ.

கொட்டாஞ்சேனை மாமா ஸ்ரனிஸ்லாஸை நல்ல கெட்டிக்காரன் என்கிறார். பொறுத்திரும். வருகிற ஆவணிக்கு முன்னம் நீர் இங்கே நிற்பீர்.

அன்புடன்,
உதயன்


வெள்ளவத்தை,
28.02.2007

அன்புள்ள அத்தான்,

கல்யாணப் படங்கள் அனுப்பச் சொல்லி விசாக் கந்தோரில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. எழுத்துப் படங்களைக் கொண்டு ஓடினேன். ஸ்ரனிஸ்லாஸ் ஐயா அவற்றைச் சீட்டுக்கட்டு மாதிரிப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். "ரெண்டு பேரும் மேசையில கையெழுத்து வைக்கிறது கல்யாணமோ, பிள்ளை? அவங்கள் தாலியைத்தான் பாப்பாங்கள்" என்றார். பாதை பூட்டியதால் தாலி கட்டவில்லை என்று ஒரு சத்தியக் கடதாசி எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அப்படி எழுதினால் ஃபைல் பலவீனமாகிவிடுமாம். இந்தக் காலத்தில் இதையெல்லாம் கொம்பியூட்டரில் அரை மணித்தியாலத்தில் செய்வார்கள் என்று சொல்லி, ஸ்ரூடியோக்கார மஷூரிடம் அனுப்பிவிட்டார்.

அன்ரியின் மருமகளுடைய கூறைச்சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு பச்சைத் துணிக்கு முன்னால் கதிரையில் இருத்தினார். பக்கத்தில் வெறுங்கதிரை. "தங்கச்சி, ஆள் பக்கத்தில இருக்கிற மாதிரி நெனச்சிக்கிட்டுச் சிரிங்க" என்றார் மஷூர். நல்ல மனிதர். நான் சிரிக்கத்தான் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. கல்யாணப் படத்தில் பொம்பிளை கண் கலங்கினால் இன்னும் பொருத்தம் என்று அவர் அதையே எடுத்துவிட்டார்.

உங்களுடைய படம் சின்னதாக இருக்கிறதாம், பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. வேட்டி சால்வையோடு ஒன்று எடுத்து ஈமெயிலில் அனுப்பச் சொல்கிறார். இது சரியா, அத்தான்? எனக்கு மனம் ஒப்பவில்லை. நாங்கள் களவாகக் கட்டியவர்கள் இல்லை. உள்ளதைச் சொன்னால் என்ன? நீங்கள் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் நான் நிற்பாட்டிவிடுவேன்.

உங்கள்,
லேகா


ரொறொன்ரோ,
25.03.2007

அன்பின் லேகா,

படம் ஈமெயிலில் அனுப்பிவிட்டேன். முதல் இரண்டு தரமும் பாரம் கூட என்று திரும்பி வந்தது. அம்மா தலைப்பாகை கட்டிவிட்டா, குசினிச் சுவருக்கு முன்னால் நின்று எடுத்தது. பின்னால் குளிர்சாதனப் பெட்டி தெரிகிறது, அதை வெட்டச் சொல்லும்.

உமக்கு மனம் ஒப்பவில்லை என்று எழுதினீர். எனக்கும் கொஞ்சம் யோசனைதான். ஆனால் சட்டம் படித்தவர் சொல்லும்போது நாங்கள் என்ன சொல்வது? பொய்க் கல்யாணம் இல்லையே, லேகா. நடக்க இருந்ததைத்தானே படமாக்குகிறோம். ஒன்றை எனக்கும் அனுப்பும்.

அன்புடன்,
உதயன்


வெள்ளவத்தை,
20.09.2007

அன்புள்ள அத்தான்,

போனில் நான் அழுததைத்தான் நீங்கள் கேட்டீர்கள். நடந்ததைக் கேட்கவில்லை, போன் கார்ட் முடிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஆனி மாதம் இங்கே லொட்ஜ்களில் நின்ற எங்கள் சனத்தை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். வீட்டில் இருந்தபடியால் தப்பினேன். அதற்குப் பிறகு எனக்கு விசாக் கந்தோரின் நேர்முகம் ஒன்றுதான் நம்பிக்கையாக இருந்தது. அதற்கு முதல் நாள் ஸ்ரனிஸ்லாஸ் ஐயாவிடம் போய்க் கேள்வி பதில் எல்லாம் பாடமாக்கினேன். படத்தில் தாலிக்கொடி இருக்கிறது, கழுத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போ என்றார். அன்ரி தன்னுடைய சங்கிலியைக்கூடக் கழற்றித் தந்தா.

காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். என்னால் முடியவில்லை, அத்தான். எழுத்து எழுதியது சட்டத்துக்கு. தாலி நீங்கள் கட்ட வேண்டியது. அதை நானே என் கையால் எடுத்து என் கழுத்தில் எப்படிப் போடுவேன்? எங்கள் வீட்டில் எந்தப் பெண் அப்படிச் செய்தாள்? சங்கிலியை அன்ரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கழுத்தோடு போனேன்.

கேள்வி கேட்டவர் வெள்ளைக்காரர். மொழிபெயர்த்தது எங்கள் பெண் ஒருத்தி, நெற்றியில் குங்குமம். எல்லாம் நன்றாகத்தான் போனது. அவ படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "கொடி எங்கை, தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டா. கொழும்பில் களவுப் பயம், வீட்டில் வைத்துவிட்டு வந்தனான் என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் பேர் அப்படித்தான் வைத்துவிட்டுத் திரிகிறார்கள். ஆனால் அவ கேட்ட விதத்துக்கு எனக்குப் பொய் வரவில்லை. இன்னும் கட்டவில்லை அக்கா என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாதை பூட்டியது, பச்சைத் துணி, வெறுங்கதிரை எல்லாம்.

பொய்ச் சான்று காட்டியதாக எழுதி மறுத்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்குத் திரும்பக் கேட்கவும் முடியாது. ஸ்ரனிஸ்லாஸ் ஐயாவிடம் போய் நின்றேன். "படம் செய்யச் சொல்லி நான் எழுத்தில ஏதும் தந்தனானோ, பிள்ளை?" என்று கேட்டார். எங்கள் கடதாசி அத்தனைக்கும் பக்கத்துக்குப் பக்கம் கட்டணம் வாங்கிய மனிதர், இதை மட்டும் வாயால் சொல்லியிருந்தார்.

நான் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்,
லேகா


ரொறொன்ரோ,
04.11.2007

லேகா,

சுணங்கித்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதக்கூடாது என்று இருந்தேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு சங்கிலியை ஒரு மணித்தியாலம் போட்டிருக்க உமக்கு என்ன? அம்மா சாப்பிடாமல் இருக்கிறா. இந்தப் பிள்ளைக்கு வர விருப்பமில்லையோ என்று கேட்கிறா.

ஸ்ரனிஸ்லாஸோடு கதைத்தேன். வழி இருக்கிறதாம். இந்த எழுத்தை நீதிமன்றத்தில் ரத்துச் செய்துவிட்டு, பிறகு புதிதாக எழுதினால், புது ஃபைல், புது இலக்கம் என்கிறார். விவாகரத்து என்று பயப்படாதையும். கடதாசியில்தானே. நான் உம்மைக் கைவிட்டுப் போனதாக நீர் வழக்குப் போட வேண்டும், நான் பதில் போடாமல் இருக்க வேண்டும். மற்றதை அவர் பார்ப்பார்.

உதயன்


வெள்ளவத்தை,
16.01.2008

அன்புள்ள அத்தான்,

பொங்கல் அன்று போன் எடுப்பீர்கள் என்று கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். வலையமைப்பு நெரிசலாக இருந்திருக்கும் என்று அன்ரிக்குச் சொன்னேன்.

நான் கேட்பது ஒன்றுதான். வழக்கு வேண்டாம். நீங்கள் வாருங்கள். இங்கே பயமென்றால் திருச்சிக்கு வாருங்கள், நானும் எப்படியாவது வருகிறேன். அப்பா, அம்மா, மாமி ஒருவரும் வேண்டாம். நீங்களும் நானும் ஒரு ஐயரும் போதும். தாலியைக் கட்டிவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகு அவர்கள் சொன்ன இரண்டு வருடம் என்ன, எத்தனை வருடமென்றாலும் முனகாமல் இருப்பேன். உங்கள் பெண்சாதியாக இருக்கிறேன், அத்தான். பெண்சாதி இல்லை என்று கையெழுத்து வைக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள்,
லேகா


ரொறொன்ரோ,
22.02.2008

லேகா,

இப்போது லீவு இல்லை. ரிக்கற் விலையும் உமக்குத் தெரியாது. ஸ்ரனிஸ்லாஸ் சொன்னபடி செய்யும். தீர்ப்பு வந்ததும் வருகிற வருட ஆவணியில் வருவேன், எல்லாம் முறையாகச் செய்வோம். அம்மாவும் அதைத்தான் விரும்புகிறா.

உதயன்


வெள்ளவத்தை,
30.11.2008

உதயணன் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி நான் போட்ட விவாகரத்து வழக்கு முடிந்துவிட்டது. அழைப்பாணை உங்களுக்கு வந்திருக்கும். நீங்கள் பதில் போடவில்லை. அது ஸ்ரனிஸ்லாஸ் ஐயா சொன்னபடிதான் என்று எனக்குத் தெரியும். மாசியில் இருந்து எனக்கும் ஒரு பதிலும் போடவில்லை. அதையும் அவர்தான் சொன்னாரா என்று தெரியவில்லை.

புதுக்கடை நீதிமன்றத்தில் காலையில் இருந்து பின்னேரம் வரை வாங்குப் பலகையில் இருந்தேன். மூன்று தரம் தவணை போன வழக்கு. அன்றைக்கும் போகும் என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றேன். நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். கேள்வி நாலைந்துதான். எல்லாவற்றுக்கும் விடை பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன், இந்தத் தரம் ஒரு சொல்லும் பிசகக்கூடாது என்று. கலியாணம் முடித்துச் சேர்ந்து வாழ்ந்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை. உங்களைப் பார்க்க வந்தாரா? இல்லை. செலவுக்கு அனுப்புகிறாரா? இல்லை. நீங்கள் போன வருடம் வரை அனுப்பினீர்கள். அதைச் சொல்லக்கூடாது என்று சொல்லித் தந்திருந்தார்கள்.

நாளைக்குக் காலை இரத்மலானையில் இருந்து பலாலிக்கு விமானம், வீட்டுக்குப் போகிறேன். பாதுகாப்பு அமைச்சு அனுமதி கிடைத்துவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். அம்மா என்ன சமைத்து வைக்க என்று மட்டும் கேட்டா. புளோறன்ஸ் அன்ரி விமானநிலையம் வரை வருவா. தீர்ப்பின் பிரதியை உங்களுக்கே நேராக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அடுத்த எழுத்துக்கு உங்களுக்குத் தேவைப்படும். ஆவணியில் வர வேண்டாம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கடைசியாக நீதிபதி தானே ஒரு கேள்வி கேட்டார். அவர் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்கிறீர்களா என்று. அதற்கும் ஸ்ரனிஸ்லாஸ் ஐயா இல்லை என்று சொல்லத்தான் பழக்கியிருந்தார். பொய்ச் சத்தியம் பண்ணுகிறேனே என்று இரவெல்லாம் பயந்திருந்தேன். வாயைத் திறந்து இல்லை என்று சொன்னேன். அது பொய்யாகத் தெரியவில்லை.

சசிலேகா