மீராவின் தலைவலி

17 ஜூலை 2006, திங்கள்

காரில் ஏறினாலே தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று மகள் மீரா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டும் எனக்கு எதுவும் தெரியவில்லை. பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று வெள்ளிக்கிழமை அடித்துவிட்டேன்.

இன்று நாச்சாரத்தில் மெக்கானிக் சாமுவேல் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"டேங்க்ல கிளம்புற பெட்ரோல் ஆவியை இந்தக் கரி டப்பா பிடிச்சுவச்சு இன்ஜினுக்கு அனுப்பும் சார். அங்க எரிஞ்சுடும். அதுக்குப் போற ட்யூப் வெடிச்சிருக்கு, ஆவியெல்லாம் காருக்குள்ள வருது. பின்சீட்ல யாரு உக்காருவாங்க?"

என் மகள் என்றேன். அவர் புது ட்யூப் மாட்டினார்.

சற்றுமுன் மீராவின் படுக்கையருகே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாலேதுப்பா" என்று பாதித் தெலுங்கில் சொன்னாள். பிறகு, "நாளைக்கும் தலை வலிச்சா?" என்று கேட்டாள்.

"சொல்லும்மா. உடனே வண்டியை நிறுத்திடறேன்."