ஊஞ்சல் செய்த நாள்

என்னங்க,

நீங்களும் பாப்பாவும் சுகம்தானே? உங்கள் கடிதத்துக்கு ஒரு வாரம் கழித்துப் பதில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே கம்பெனியில் ஒரு கூத்து. மழைக்காகப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்தார்கள். அளவு சரிபார்க்க நானும் பக்கத்திலேயே நின்றேன். வெள்ளைப் புகை பஞ்சு பஞ்சாகப் பறந்தது. சாயங்காலம் குடித்த தண்ணீர்கூட இனித்தது. பிறகு குளிர்காய்ச்சல், இரண்டு போர்வைக்குள் ஒரே ஆட்டம். காலையில் ஒன்றுமில்லை.

இதைச் சொன்னதும் வெல்டர் அண்ணன் சிரித்தார். "இதுக்குப் போய் பயந்துக்கிட்டு? ஒரு டம்ளர் பால் குடிம்மா."

கம்பெனி நர்ஸ் அவரை முறைத்தார். "பால் வயித்துக்குப் போகும். புகை போனது நெஞ்சுக்கு, காய்ச்சலே அந்தத் துத்தநாகப் புகையாலதான். மொதல்ல பூச்சைத் தேய்ச்சு எடுங்க, கதவைத் திறந்து வைங்க."

அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. பாப்பாவுக்கு ராத்திரி காய்ச்சல் அடித்தது, விடிந்ததும் விளையாடினாள், பல் முளைக்கிறது போல என்று எழுதியிருந்தீர்களே. நீங்கள் அவளுக்கு இதே மாதிரி ஜி.ஐ. பைப்பில் ஊஞ்சல் பற்றவைத்த நாளா அது? பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாளா? உங்களைக் குறை சொல்லவில்லை. கேட் வெல்டிங் வேலை முடித்து நீங்கள் நடுங்கியபோதெல்லாம் பால் காய்ச்சிக் கொடுத்தவள் நான்தானே.

டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். வேலை நேரத்தில் அவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விடுங்கள். இப்போதைக்கு வீட்டில் இருக்கும் என் பழைய போர்வையிலேயே ஊஞ்சல் கட்டுங்கள், அதைத் துவைக்க வேண்டாம், என் வாசனை இருக்கட்டும்.

லாரி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். எந்த நாள் என்று மட்டும் உடனே எழுதுங்கள்.

பாப்பாவின் அம்மா